சத்தத்துக்குப் பட்டாசு இருக்கு... காருக்கு வேண்டியது இசை! - ஸ்பீக்கர் சிஸ்டம் அமைக்க ஒரு முழு வழிகாட்டி

சிவகாசியிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகும் மினி பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள். வேலைக்குப் போகிற கூட்டம், கையில் தூக்குவாளி, ஜன்னல் வழியாக அடிக்கும் வெக்கை... இத்தனைக்கும் நடுவில் இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டின் பேஸ் கிட்டார் தனியாக நடந்து போவது கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

அப்புறம் ஒருநாள், வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தில் சொந்தமாக ஒரு கார் வாங்குகிறோம். விருதுநகர் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறியதும் அதே பாட்டைப் போடுகிறோம். என்னவோ குறைகிறது. பாடகரின் குரல் முழங்காலுக்குக் கீழேயிருந்து வருகிறது. பேஸைக் கூட்டினால் கதவு அதிர்கிறது. வால்யூமைக் கூட்டினால் காது கூசுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கார் ஆக்சஸரீஸ் கடையில் போய் நிற்கிறோம். அங்கே பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை வாட்ஸ் போடலாம்ண்ணே?"

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல கார் ஆடியோவில் வாட்ஸ் கடைசிக்குப் பக்கத்தில் வரவேண்டிய விஷயம். அதற்கு முன்னால் கதவு, ஸ்பீக்கர் வைக்கும் இடம், பெட்டியின் அளவு, ஒயர், ஃபியூஸ் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் செலவு செய்தால் பாதிப் பணத்தில் இரண்டு மடங்கு சுகம். வரிசையை மாற்றினால், பணமும் போய், காதும் போய், சில சமயம் காரே போய்விடும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டெசிபல் நமக்குப் புதுசா என்ன?

சத்தத்துக்குக் கணக்கு உண்டு என்பதை சிவகாசிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் அளந்தால் ஒரு பட்டாசின் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரவெடி என்றால், கோத்திருக்கும் வெடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு வெடிக்குமான வரம்பு இன்னும் குறையும்.

இந்த டெசிபலுக்கு ஒரு வினோதக் குணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால், 'கொஞ்சம் கூடின மாதிரி இருக்கே' என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை! அதனால்தான் பெட்டி மேல் அச்சடித்த வாட்ஸ் எண்ணைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குவது வீண்.

பார்க்க வேண்டிய எண் 'சென்சிடிவிட்டி'. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு இது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்து வரவழைக்கும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸிலேயே கொடுத்துவிடும். வாட்ஸிலும் 'பீக்', 'மேக்ஸ்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ் மட்டும்தான்.

கார், ஒரு கஷ்டமான கச்சேரி மண்டபம்

காருக்குள் பாட்டு கேட்கும் ஆசை பழசு. அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் 1930-ல் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்க ஆரம்பித்தது. பிறகு பல வருஷங்களுக்கு, காரில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே ஒரு ஸ்பீக்கர் என்பதுதான் வழக்கம். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரரின் மகன், எம்.ஐ.டி. பேராசிரியர். ஒரு குறிப்பிட்ட காரின் சீட், கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் அளந்து, அந்தக் காருக்கென்றே ஸ்பீக்கர் அமைப்பை வடிவமைத்தார். 1983 மாடல் காடிலாக் செவில் அப்படி வந்த ஆரம்பகால கார்களில் ஒன்று.

இன்று அந்த வேலை நம்ம தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டாவின் மேல்நிலை மாடல்களில் 8 போஸ் ஸ்பீக்கர்கள் வருகின்றன. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் எலெக்ட்ரிக் கார்களில் 16 ஹர்மன் கார்டன் ஸ்பீக்கர்கள் வரை உண்டு. அந்தக் கார்கள் எழுப்பும் ஒலிகளை அமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? காரைவிட மோசமான கச்சேரி மண்டபம் கிடையாது என்பதால்தான். கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கும். சீட் சத்தத்தைக் குடிக்கும். ஒரு ஸ்பீக்கர் காலுக்குப் பக்கத்தில், இன்னொன்று எதிர்க் கதவில். டிரைவர் நடுவில் உட்காரவே முடியாது. போதாததற்கு டயர் சத்தம், காற்றுச் சத்தம், ஏ.சி. சத்தம். கம்பெனிக்காரர்கள் லேபில் செய்வதை நாம் அப்படியே செய்ய முடியாது. ஆனால் அவர்கள் போகும் வழியில் நாமும் போகலாம்.

படி 1: முதலில் கதவை அடக்குங்கள்

தகரக் கதவை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டண்' என்று கேட்கும். ஸ்பீக்கர் அடிக்கும்போதெல்லாம் அந்த 'டண்' பாட்டோடு சேர்ந்து வரும். இன்னொரு பிரச்னையும் உண்டு. ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது காற்று முன்பக்கம் அழுத்தப்படும், பின்பக்கம் இழுக்கப்படும். கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருந்தால், பின்பக்க அலை அதன் வழியாக வந்து முன்பக்க அலையை அடித்துவிடும். இதில் முதலில் காணாமல் போவது பேஸ். 'ஸ்பீக்கர் மாத்தியும் பேஸ் வரல' என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மருந்து, டேம்பிங் ஷீட். கதவின் உள் பேடைக் கழற்றி, வெளித்தகட்டின் உட்புறத்தில் பாதி அளவுக்காவது ஒட்ட வேண்டும். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை முழுக்க மூட வேண்டும். இப்போது தட்டினால் 'தொப்' என்று கேட்கும். இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

• நம்ம ஊர் வெயிலுக்குத் தார் கலந்த மலிவு ஷீட் ஆகாது. கரிசல் காட்டு மே மாதத்தில், நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திய காரின் கதவு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். தார் இளகும், வாடை வரும், ஷீட் கழன்று விழும். மேலே அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

• கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதை மூடவே கூடாது. மூடினால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, கதவு துருப்பிடித்துவிடும்.

• ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்துக்கு எம்.டி.எஃப். பலகை வேண்டாம். ஈரம் பட்டால் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையமோ, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டோ போடுங்கள்.

• சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். கதவுக்குள் காற்றழுத்தம் மாறுவதை வைத்துத்தான் அது விபத்தைக் கண்டுபிடிக்கும். உங்கள் காரில் அப்படி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கதவு ஓட்டைகளை அடைக்க வேண்டாம்.

படி 2: முன் ஸ்பீக்கர்தான் மேடை

கச்சேரியில் பாடகர் நமக்கு முன்னால்தானே உட்காருவார்? காரிலும் அப்படித்தான். பட்ஜெட்டின் பெரும் பங்கு முன் கதவு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும்.

ஸ்பீக்கரில் இரண்டு வகை உண்டு. 'கோஆக்சியல்' என்பது வூஃபரும் டிவீட்டரும் ஒன்றாக இருப்பது. மாட்டுவது சுலபம், விலையும் குறைவு. 'காம்போனென்ட்' என்பது இரண்டும் தனித்தனி. வூஃபர் கதவில் இருக்கும். டிவீட்டரை மேலே, கண்ணாடி ஓரத் தூணிலோ டாஷ்போர்டு மூலையிலோ வைக்கலாம். குரல் முழங்காலிலிருந்து கிளம்பி முகத்துக்கு நேராக வருவதற்கு இதுதான் வழி. முன்பக்கம் காம்போனென்ட், பின்பக்கம் இருக்கிற கம்பெனி ஸ்பீக்கரே போதும் என்பது நல்ல திட்டம். பின் ஸ்பீக்கரின் சத்தத்தை முன்னைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

வாங்கும் முன் அளவு பாருங்கள். விட்டம் சரியாக இருந்தாலும், ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தம் நீளமாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும். கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் விளிம்பு நாளாக நாளாக உதிர்ந்துவிடும்.

படி 3: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

மனிதக் காது கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. இத்தனையையும் ஒரே ஸ்பீக்கர் செய்யாது. உறுமியின் அடிக்குரல் ஒருவருக்கு, நாதஸ்வரம் இன்னொருவருக்கு, ஜால்ரா வேறொருவருக்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் கிராஸ்ஓவர். பொதுவான தொடக்கக் கணக்கு இது: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர், 80 முதல் சுமார் 3,000 வரை கதவு வூஃபர், அதற்கு மேலே டிவீட்டர்.

கதவு ஸ்பீக்கரிடமிருந்து 80-க்குக் கீழே உள்ள பாரத்தை எடுத்துவிட்டாலே அது தெளிவாகப் பாட ஆரம்பிக்கும். கதவு அதிர்வும் பாதி குறையும். காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இது. பெரும்பாலான ஆம்ப்களில் 'எச்.பி.எஃப்.' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் போடாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

டிவீட்டரோடு வரும் சின்ன கெப்பாசிட்டரையும் பாருங்கள். 4 ஓம் டிவீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது முழுசாகப் பாடும். நடுவில் ஒரு பள்ளம் விழும். 10 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 4,000 ஹெர்ட்ஸிலேயே ஆரம்பித்துவிடும். ஆனால் அவ்வளவு கீழே இறங்கி வேலை செய்ய உங்கள் டிவீட்டரால் முடியுமா என்று அதன் குறிப்புத்தாளில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் காயில் எரிந்துவிடும்.

படி 4: பேஸ் பெட்டிக்கு ஒரு கணக்கு

'பெரிய பெட்டி, பெரிய பேஸ்' என்பது ஊர்த் திருவிழா மைதானத்துக்குச் சரி. நான்கு பக்கமும் மூடிய காருக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுக்கிறது. சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள காருக்குள், ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகச் சத்தம் தானாகவே கூடும். அதனால் ஒரு ஹேட்ச்பேக்குக்கு 10 இன்ச் சப்வூஃபர் ஒன்று தாராளம்.

பெட்டியின் அளவை ஆசாரியின் கைக்கணக்குக்கு விட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், பிறகு ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் போட்டுக்கொடுத்த கணக்கைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சப்வூஃபரின் குறிப்புத்தாளிலும் 'எஃப்.எஸ்.', 'கியூ.டி.எஸ்.', 'வி.ஏ.எஸ்.' என்று மூன்று எண்கள் இருக்கும். முழுக்க மூடிய சீல்டு பெட்டிக்கு நாம் விரும்பும் இலக்கு எண் 0.7. அதில் பேஸ் இழுக்காமல், அடித்தவுடன் நிற்கும்.

உதாரணம் பார்ப்போம். கியூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

• 0.7-ஐ 0.45-ஆல் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்குங்கள்: 2.42
• அதில் 1-ஐக் கழியுங்கள்: 1.42
• 40 லிட்டரை 1.42-ஆல் வகுங்கள்: சுமார் 28 லிட்டர்

உள்ளளவு 40 செ.மீ. × 35 செ.மீ. × 20 செ.மீ. உள்ள பெட்டி சரியாக 28 லிட்டர். சப்வூஃபரின் காந்தம் அடைக்கும் இடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பலகை 18 மி.மீ. கனம் இருக்கட்டும், மூலைகளில் பசையும் ஸ்க்ரூவும் போட்டுக் காற்றுக் கசியாமல் அடையுங்கள். இந்தப் பெட்டி டிக்கியில் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாக்களுக்கும் இடம் மிச்சம்!

குழாய் வைத்த 'போர்ட்டட்' பெட்டி அதே வாட்ஸில் அதிகச் சத்தம் தரும். ஆனால் பெட்டி பெரிதாகும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'கொம்ம்ம்' என்று பேஸ் வரும். தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் சீல்டு பக்கம் நிற்கலாம்.

படி 5: ஒயரும் ஃபியூஸும் - இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள 'கிளாஸ் டி' ஆம்ப் முழு வேகத்தில் சுமார் 45 ஆம்பியர் கரன்ட் இழுக்கும். அதை பேட்டரியிலிருந்து டிக்கிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 5 மீட்டர் ஒயர் வேண்டும். 21 சதுர மி.மீ. செம்பு ஒயர் (கடையில் '4 கேஜ்' என்பார்கள்) போட்டால் வழியில் விழும் வோல்ட் 0.2-க்கும் கீழே. 'வீட்டு ஒயரிங்ல மிச்சம் இருந்துச்சு' என்று 4 சதுர மி.மீ. ஒயரைப் போட்டால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். முழு வேகத்தில் 40 வாட்ஸுக்கு மேல் அந்த ஒயரிலேயே சூடாக மாறும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டுவைத்த மாதிரி! அதிலும் ஒரு லூஸ் கனெக்‌ஷன் இருந்தால், அங்கே சூடு தனியாக ஏறும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் மலிவாகக் கிடைக்கும். அதே கனத்தில் அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதையே வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

அடுத்தது ஃபியூஸ். "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்குல்ல?" என்று கேட்பார்கள். அது ஆம்ப்பைக் காப்பாற்றத்தான். பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஓடும் 5 மீட்டர் ஒயரை யார் காப்பாற்றுவது? எஞ்சின் பக்கத்துத் தகட்டு ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விட்டால், வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுக்கும். செம்பு பாடியைத் தொட்ட நிமிஷம் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். திரி பற்றிய பிறகு என்ன நடக்கும் என்று நம்ம ஊருக்குச் சொல்லவா வேண்டும்?

அதனால், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் கட்டாயம். நம்ம உதாரணத்துக்கு 50 அல்லது 60 ஆம்பியர். அது அடிக்கடி போகிறது என்று 100 ஆம்பியர் போட்டுவிடாதீர்கள். ஏன் போகிறது என்று பாருங்கள்.

தீபாவளி நேரத்தில் வெளியூர்க்காரர்களும் காரில் வந்து பட்டாசு வாங்கிப் போவார்கள். ஆம்ப், பேஸ் பெட்டி வைத்த டிக்கியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றாமல் இருப்பதுதான் நல்லது. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் எந்தக் காரிலும் ஏற்றக் கூடாது. வேறு வழியே இல்லாமல் கொஞ்சம் கொண்டுபோகிறீர்கள் என்றால், ஏற்றுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஆடியோவின் மெயின் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கிக்குப் போகும் ஆம்ப் ஒயரில் கரன்ட்டே இருக்காது. ஓட்டிக்கொண்டே வந்த காரின் ஆம்ப் சூடாக இருக்கும். அது ஆறும் வரை பொறுத்திருங்கள். அந்த ஒரு பயணத்துக்குப் பாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை.

சின்ன டிப்ஸ்: நெகட்டிவ் ஒயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், பாடியில் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். பவர் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறு பக்கம் போகட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே கேட்கும் 'ங்ங்கீ' சத்தத்துக்கு மருந்து பெரும்பாலும் இந்த இரண்டும்தான். ஆம்ப்பைக் காற்றாடும் இடத்தில் வையுங்கள். துணி போட்டு மூட வேண்டாம். எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரின் பக்கமே போகாதீர்கள். புது காரில் ஒயரை வெட்டி ஒட்டாமல், அந்த மாடலுக்குரிய கப்ளர் வாங்கி மாட்டினால் வாரன்ட்டி தகராறும் இருக்காது.

படி 6: கடைசியில் டியூனிங்

நம்ம ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது ஸ்பீக்கர் அவருக்கு 90 செ.மீ. தூரத்தில் என்றால், இடது ஸ்பீக்கர் 140 செ.மீ. தூரத்தில். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படியானால் வலது பக்கச் சத்தம் சுமார் 1.5 மில்லி விநாடி முன்னதாக வந்துவிடுகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் மிகச் சின்னப் பங்குதான். ஆனால் அது போதும். பாடகர் வலது கதவுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்.

இதைச் சரிசெய்வதுதான் 'டைம் அலைன்மென்ட்'. பக்கத்து ஸ்பீக்கரை அந்த 1.5 மில்லி விநாடி தாமதமாகப் பாடச் சொன்னால், குரல் டாஷ்போர்டு நடுவுக்கு நகர்ந்து வரும். முதல் தடவை கேட்கிறவர்கள் 'அங்க ஸ்பீக்கரே இல்லையே!' என்று தேடுவார்கள். இதற்கு டி.எஸ்.பி. என்ற சின்னக் கருவி வேண்டும். இப்போது பல ஆம்ப்களிலேயே அது சேர்ந்து வருகிறது. காரோடு வந்த டச் ஸ்கிரீனை மாற்றாமலே, அதன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுத்து இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று, ஆம்ப்பில் இருக்கும் 'கெயின்' திருகு வால்யூம் அல்ல. ஸ்டீரியோவையும் ஆம்ப்பையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்கானது. வைக்கும் முறை: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் வைத்து, சப்வூஃபர் சேனலில் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓட விடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் அளந்துகொண்டே கெயினைக் கூட்டுங்கள். எத்தனை வோல்ட் வரை? வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 200 வாட்ஸ், 4 ஓம் என்றால் சுமார் 28 வோல்ட். கதவு சேனலுக்கு 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் சுமார் 17 வோல்ட். அதற்கு 1,000 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் அலையின் தலை வெட்டுப்படும். பெரும்பாலான டிவீட்டர்கள் சாவது அப்படித்தான்.

கடைசியாக, பாட்டு. யாரோ எங்கேயோ இறக்கி, நாலு தடவை கைமாறி வந்த பென் டிரைவ் பாட்டை வைத்து சிஸ்டத்தைக் குறை சொல்லாதீர்கள். நல்ல தரத்தில் உள்ள நாலைந்து பழக்கமான பாடல்களை மட்டும் வைத்துச் சோதியுங்கள். பேஸ் கிட்டார், பெண் குரல், தவில், வயலின் நான்கும் அதில் இருக்கட்டும்.

காது ஒன்றுதான்... உதிரி பாகம் கிடைக்காது!

பட்டாசு வெடிப்பது ஒரு கணம். பாட்டு ஓடுவது மணிக்கணக்கில். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்.

விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த வழி முழுக்க 94 டெசிபலில் பாட்டு கேட்டால், அன்றைய கோட்டா முடிந்தது. பகலெல்லாம் பிரிண்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு, கோட்டாவில் பாதி காரில் ஏறுவதற்கு முன்பே காலியாகியிருக்கும். உள்காதின் மெல்லிய உணர்செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. காரை விட்டு இறங்கியதும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், அது எச்சரிக்கை. போனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமாக இருக்காது; ஆனாலும் தோராயமாக ஒரு தடவை அளந்து பார்க்கலாம். பின்சீட்டில் குழந்தை இருந்தால் வால்யூமை இன்னும் இறக்குங்கள்.

தெருவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். டிக்கி திறந்து பேஸ் போடுவது வீரம் இல்லை, ப்ரோ!

100 ரூபாய் இருந்தால் எப்படிப் பிரிக்கலாம்?

முன் ஸ்பீக்கருக்கு 30, டி.எஸ்.பி. சேர்ந்த ஆம்ப்புக்கு 30, சப்வூஃபருக்கும் பெட்டிக்கும் 20, டேம்பிங்குக்கு 10, ஒயர், ஃபியூஸுக்கு 10. கையில் பாதிப் பணம்தான் இருக்கிறதா? டேம்பிங், முன் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் முதலில் முடியுங்கள். மற்றது அடுத்த போனஸுக்கு!

வண்டியை எடுக்கும் முன் கடையில் பார்க்க வேண்டியவை

• பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா?
• ஒயர் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா?
• நான்கு கண்ணாடியும் முழுக்க இறங்கி ஏறுகிறதா?
• கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் கட் போட்டிருக்கிறதா?
• பாதி வால்யூமில் பத்து நிமிஷம் ஓடிய பிறகு ஆம்ப், ஒயர், ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். ஆம்ப் லேசாகச் சூடாகலாம். ஒயரும் ஹோல்டரும் சூடாகவே கூடாது.
• கண்ணை மூடிக் கேளுங்கள். பாடகர் எங்கே நிற்கிறார்?

கடைசிக் கேள்விக்கு 'எனக்கு நேர் எதிரே' என்று பதில் வந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கலாம். 'கதவுக்குள்ள' என்று வந்தால், "டியூனிங் இன்னும் முடியலண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த அரை மணி நேரம்தான் மினி பஸ்ஸில் கேட்ட பாட்டை உங்கள் காருக்குள் கொண்டுவரும்.